ஐயனார் காத்த விதை

திண்டிவனத்துக்குத் திந்திரிணி வனம் என்பது பழம்பெயர் என்பார்கள். புளியங்காடு என்று பொருள். பிரம்மதேசத்தைச் சுற்றி நடப்பவன் கண்ணில் படுவதெல்லாம் வயலும் ஏரியும்தான். வனம் ஊர்ப்பெயரோடு நின்றுவிட்டது.

ஆனால் கடலோரம் கீழ்ப்புத்துப்பட்டில், மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு காடு இன்றும் இருக்கிறது. வீரையும் காசானும் அடர்ந்து, கோடையிலும் பச்சை மாறாத காடு. ஊருக்கெல்லாம் பொதுவான அதைக் காத்தது, கிளையை ஒடித்தால் ஐயனார் கேட்பார் என்ற பயம். அடுப்புக்கு விறகில்லாத நாளிலும் கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்களே, அதையும் தொண்டு என்றே நான் சொல்வேன். சரித்திரத்தில் அவர்கள் பெயர் ஏறவில்லை.

1968-இல் வானூர்ப் பக்கம் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு மழையில் அரித்த செம்மண் பள்ளங்களாகக் கிடந்தது. பல தேசத்துத் தொண்டர்களும், கூலிக்கு வந்த அக்கம்பக்கத்துக் கிராமத்தாரும் கரை போட்டு மழைநீரைத் தேக்கினார்கள். முதலில் ஆஸ்திரேலிய அகேசியாவை நட்டார்கள். அது வேகமாக வளர்ந்து நிழல் தந்தது. 2011-இல் தானே புயலில் ஏராளமாகச் சாயவும் செய்தது. புயலுக்கு வெகுமுன்பே, இந்த மண்ணின் சொந்த மரங்களை வளர்க்க அவர்கள் ஆசைப்பட்டார்கள். விதைக்கு எங்கே போவது? மிஞ்சியிருந்த கோயில் காடுகளுக்குத்தான் போய்ப் பொறுக்கி வந்தார்கள்.