அறுவை மருத்துவரும் அயர்வும்

பெங்களூரில் வாழும் தமிழருக்கு ஓசூர் சாலையிலுள்ள நிமான்ஸ் மருத்துவமனையை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. தலையில் அடிபட்டவரை நள்ளிரவில் அங்கே கொண்டு சேர்ப்போர் பலர். அவ்வேளையில் கத்தியைக் கையிலேந்தும் மருத்துவர் எத்தனை மணி நேரமாகக் கண்ணயராமல் இருக்கிறார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் நாட்டில் மூளை அறுவை மருத்துவம் இளமையானதொரு துறை. வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-ஆம் ஆண்டிலும், சென்னையில் பி. ராமமூர்த்தி 1950-ஆம் ஆண்டிலும் இதனைத் தொடங்கினர். பெங்களூரில் 1954-இல் நிறுவப்பெற்ற அகில இந்திய மனநல நிலையத்தில், அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஆர். மார்த்தாண்ட வர்மா இப்பணியை மேற்கொண்டார். விரல்விட்டு எண்ணத்தக்க நிபுணரே இருந்த அந்நாளில், இரவு பகல் பாராத உழைப்பு தவிர்க்கவொண்ணாததாயிற்று. நாளடைவில் அதுவே பெருமையாயிற்று, பெருமை வழக்கமாயிற்று.

வழக்கத்தின் மற்றொரு வேர் அமெரிக்காவில் இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹால்ஸ்டெட் வகுத்த முறைப்படி, பயிற்சி பெறுவோர் மருத்துவமனையிலேயே தங்கி ஓயாது உழைத்தனர். அதை வகுத்தவரோ போதைப் பழக்கத்தோடு போராடியவர்.

மனநல நிலையமும் மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையும் இணைந்து நிமான்ஸ் உருவானது 1974-இல். அதே ஆண்டில், தொண்டு செய்வோரின் உள்ளம் வற்றிப்போகும் நிலையை நியூயார்க் உளவியல் அறிஞர் ஃப்ராய்டன்பெர்கர் விவரித்து எழுதினார். இதனை நோயென்று கூறாமல், பணியிடத்தின் தீராத நெருக்கடியால் விளைவது என்றே உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது.

அந்நெருக்கடி யாது? ஓய்வின்றித் தொடரும் பணிநேரம் ஒன்று. அறுவைக்கூடம், படுக்கை, செவிலியர் ஆகியவற்றில் பற்றாக்குறை மற்றொன்று. பணியின் ஒழுங்கைத் தீர்மானிப்பதில் தமக்குக் குரலின்மை, குவியும் எழுத்துவேலை, நோயாளி இறந்தால் எழும் பழியைத் தனியே சுமத்தல் ஆகியனவும் சேர்கின்றன.

உறைவிட மருத்துவருக்கு நாளொன்றுக்கு 12 மணி, வாரத்திற்கு 48 மணி என்னும் வரம்பை மத்திய அரசு 1992-இல் வகுத்தது. பல இடங்களில் அது ஏட்டளவில் நின்றுவிட்டது. துறையில் முதிர்ந்த நிபுணருக்கோ அத்தகைய வரம்பும் இல்லை.

எண்ணெய் வற்றினால் திரி கருகும். திரியைக் குறை கூறிப் பயனில்லை; எண்ணெய் வார்க்க வேண்டியவர் வார்க்க வேண்டும். மருத்துவருக்கு ஓய்வு உண்டா என்று கேட்பது அவர்பால் காட்டும் இரக்கம் மட்டுமன்று. கத்தியின் கீழ்க் கிடக்கும் நம்மவரின் உயிரைக் கருதிக் கேட்கும் கேள்வியுமாகும்.