குருதியிற் புகும் பகை

நோயின் முதற் காரணத்தை ஆராய்ந்தறிந்த பின்னரே மருந்து கொடுத்தல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. ஆயின், காரணம் தெரியும்வரை காத்திருந்தால் நோயாளர் பிழையார் என்னும் நிலை புற்றுநோய் விடுதிகளிலே ஏற்பட்டது. அந்நிலை தோன்றிய வரலாறு அறியத்தக்கது.

1948 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே சிட்னி பாபர் என்னும் வைத்திய அறிஞர், அமினொப்தெரின் என்ற மருந்தினால் சிறுவர் சிலரின் குருதிப் புற்றுநோய் தற்காலிகமாகத் தணிந்ததென அறிவித்தார். நம்பிக்கை துளிர்த்தது, உடன் ஓர் இடுக்கணும் வந்தது. புற்றுக் கலங்களை அழிக்கும் மருந்துகள், என்பு மச்சையில் உண்டாகும் வெண்குழியங்களையும் குறைத்தன. கிருமிகளை எதிர்க்கும் காவற்படை அவையே. 1966 இல் ஜெரால்ட் போடி முதலியோர் இதனைக் கணக்கிட்டுக் காட்டினர். ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் இக்காவற் குழியங்கள் 1,000 இற்குக் கீழே குறையக் குறையத் தொற்று மிகுந்தது. 100 இற்குக் கீழே அபாயம் உச்சத்தை எட்டியது.

காவலிழந்த உடலில், குடலிலே அடங்கி வாழ்ந்த பற்றீரியாவும் குருதியிற் புகும். சீழ் கட்டாது, வீக்கம் தோன்றாது, பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றே அறிகுறி. குருதியை ஆய்கூடத்தில் வைத்துக் கிருமியை வளர்த்து இனங்காண ஓரிரு நாளேனும் செல்லும். அதற்குள் மாண்டவர் பலர். எனவே, 1971 இல் பால்ரிமோர் நகரத்து ஸ்டீபன் சிம்ப் முதலியோர் புதுமுறை ஒன்றை வெளியிட்டனர். காய்ச்சல் கண்டவுடனே காபெனிசிலின், ஜென்டமைசின் ஆகிய இரண்டையும் சேர்த்து ஏற்றினர். ஆய்கூடத்தின் விடைக்குக் காத்திருக்கவில்லை. முதலில் மருந்து, பின்னர் ஆராய்ச்சி என்னும் அம்முறை உலகெங்கும் பரவி நிலைபெற்றது.

அத்துணிவுக்கு அடிப்படை ஒன்றே: புகுந்த கிருமி எதுவாயினும் கொடுக்கும் மருந்துக்கு அடங்கும் என்ற கணிப்பு. அக்கணிப்பே இன்று தளர்கின்றது. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியம் பற்றீரியாவில் உண்டென ஏபிரகாம், செயின் ஆகிய இருவரும் 1940 இலேயே கண்டனர். ஒக்ஸ்போட்டில் நோயாளருக்கு அம்மருந்தை ஊசிமூலம் ஏற்றியதோ 1941 இலேதான். போதிய அளவின்றி உட்கொண்டால் கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெறும் என அலெக்சாண்டர் பிளெமிங் 1945 இல் நோபெல் உரையிலே எச்சரித்தார். பிற மருந்துகள் தோற்றவிடத்தும் கைகொடுக்கும் என நம்பப்பட்ட இமிபெனெம் 1985 இல் அமெரிக்காவிற் புழக்கத்துக்கு வந்தது. 1996 இல் வட கரோலினாவிற் பெறப்பட்ட ஒரு கிருமியில் அதனையும் சிதைக்கும் நொதியம் இருந்தது. 2019 ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காப் பற்றீரியாவினால் நேரடியாக மாண்டோர் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

வெண்குழியம் குறைந்த நோயாளருக்கு முதல் ஊசியே உயிர்க்காவல். அது தவறின், சரியான மருந்தை ஆய்கூடம் காட்டுமுன் காலம் கடந்துவிடும். தடிமன் வைரசினால் வருவது. நுண்ணுயிர்க்கொல்லி அதற்கு உதவாது. அதற்கென வீட்டிலே வீணாக விழுங்கப்படும் குளிகையும் கிருமிகளுக்கு எதிர்ப்பைப் பழக்குகின்றது. அதன் விலையை, எங்கோ ஒரு விடுதியிலே காய்ச்சலோடு கிடக்கும் மற்றொருவர் செலுத்த நேரிடும்.