விண்ணப்பமும் வினாவும்

1897ஆம் ஆண்டு ஜனவரியில், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினான். தகப்பனார் நொடித்துப் போயிருந்த நேரம். படிப்பைத் தொடரப் பொருளுதவி வேண்டும் என்பதைப் பாட்டாகவே எழுதியிருந்தான். 1918 நவம்பரில் அதே மனிதர், பாண்டிச்சேரியை விட்டு வெளியே கால் வைத்ததும் கடலூர் அருகே கைதாகிச் சிறையில் இருந்தபடி சென்னை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவுக்கு மனு எழுதினார். மறு ஆண்டு கடையத்தில் இருந்தபோது, மீண்டும் எட்டயபுரம் ஜமீனுக்கே சீட்டுக்கவி விடுத்தார். முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகள். அந்த இடைவெளியில் தமிழ் மொழியையே புதுப்பித்துவிட்டார். ஆனாலும் அதிகாரத்திடம் பேச அவருக்குக் கிடைத்த வடிவம் விண்ணப்பம் ஒன்றுதான்.

அவர் மறைந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1928 அக்டோபரில், அவருடைய நூல்களின் பொருட்டு வேறொரு வடிவத்தில் அதிகாரத்திடம் பேசினார்கள். சென்னைச் சட்டசபையில் உறுப்பினர்கள் எழுந்து நின்று, எந்த உரிமையில் பாரதி பாடல்களைப் பறிமுதல் செய்தீர்கள் என்று அரசாங்கத்தை மடக்கினார்கள். பாரதி பிறந்த ஊரின் பெயரைத் தாங்கி வரும் இந்த மலரில் அந்த நிகழ்ச்சியை விரிவாக நினைவுகூர்வது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

மனுவுக்குப் பதில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். கொடுத்தவன் கை கட்டிக் காத்திருப்பான். சபையில் கேட்கும் வினா அப்படியன்று. அதற்கு விடை வந்தே தீர வேண்டும், அந்த விடை அச்சேற வேண்டும். விடை பொய்யானால், பொய் சொன்னவர் பெயரும் தேதியும் ஏட்டில் நிற்கும். ஜமீன் ஊரான எட்டயபுரத்துக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. அரண்மனை வாசலில் நின்று குறை சொன்ன தலைமுறைகளின் ஊர் இது.

வினாக் கேட்கும் உரிமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கவுன்சில்கள் சட்டம் இயற்ற மட்டுமே கூடின. நிர்வாகத்தைப் பற்றி வாய் திறக்க முடியாது. 1892இல்தான் கேள்வி கேட்க இடம் பிறந்தது. முன்னறிவிப்புக் கொடுத்துக் கேட்கலாம், சொன்ன பதிலைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். 1909இல் துணைக் கேள்வி வந்தது, ஆனால் மூலக் கேள்வியைக் கேட்டவர் மட்டுமே அதைக் கேட்கலாம். 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் எந்த உறுப்பினரும் எழுந்து துணைக் கேள்வி தொடுக்கலாம் என்றாயிற்று. படிப்பவருக்கு இது சிறு விதித் திருத்தமாகத் தோன்றலாம். எனக்கு இதுவே பெரிய திருப்பமாகப் படுகிறது. முதல் கேள்விக்கான பதிலை அதிகாரிகள் உட்கார்ந்து எழுதித் தருவார்கள். துணைக் கேள்விக்கு அமைச்சரே தம் அறிவிலிருந்து பதில் சொல்லியாக வேண்டும். துறையை அவர் ஆள்கிறாரா, துறை அவரை ஆள்கிறதா என்பது அங்கே வெளிப்பட்டுவிடும்.

1919ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த ஆட்சிக்கு இரட்டை ஆட்சி என்று பெயர். கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி, வேளாண்மை போன்றவை மாற்றப்பட்ட துறைகள் எனப்பட்டு, சபைக்குப் பொறுப்பான இந்திய அமைச்சர்களிடம் வந்தன. போலீஸ், நீதி, நிலவரி, நிதி ஆகியவை ஒதுக்கப்பட்ட துறைகள். அவற்றை ஆளுநரும் அவருடைய நிர்வாகக் குழு உறுப்பினர்களும் வைத்துக்கொண்டார்கள். அந்த உறுப்பினர்களைச் சபை வாக்களித்து இறக்க முடியாது. ஆயினும் அவர்களும் சபையில் வந்து அமர வேண்டும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சபையின் வாக்கு எட்டாத இடத்தையும் சபையின் கேள்வி எட்டியது.

பாரதி நூல்களின் வழக்கு நடந்தது இந்த இடத்தில்தான். 1928இல் பர்மா அரசாங்கம் பாரதியின் தேசியப் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99ஏ பிரிவின்படி, ஒரு மாகாண அரசு அப்படி ஆணையிட்டால் பிரிட்டிஷ் இந்தியாவில் எங்கிருந்தாலும் அந்நூல்களைப் போலீஸ் கைப்பற்றலாம். ரங்கூனில் போட்ட கையெழுத்துக்குச் செப்டம்பரில் சென்னையில் சோதனை நடந்தது. பாரதி பிரசுராலயத்தார் அச்சிட்டிருந்த படிகளைப் போலீஸார் அள்ளிக்கொண்டு போனார்கள்.

அப்போது முதலமைச்சர் டாக்டர் சுப்பராயன். போலீஸ் அவர் கையில் இல்லை. தடை ஆணையோ சென்னை அரசு போட்டதுமில்லை. எங்கள் ஆணை அல்ல என்று ஒரு தரப்பும், எங்கள் இலாகா அல்ல என்று இன்னொரு தரப்பும் ஒதுங்கிக்கொள்ளத் தோதான நிலை. அப்படி ஒதுங்கும் வழியை அடைத்தவர்களில் முதன்மையானவர் சுயராஜ்யக் கட்சியின் சத்தியமூர்த்தி. பாடல்களின் பொருளை எடுத்துச் சொல்லி, ராஜத்துரோகம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்ற தொனியில் அவர் வாதாடினார். சபை பெரும்பான்மையால் அரசின் செயலுக்கு எதிராக நின்றது.

சபையின் தீர்மானம் அன்று அரசைக் கட்டுப்படுத்தாது. அது பரிந்துரைதான். அதனால் இது வெறும் பேச்சு வெற்றி என்று சிலர் ஒதுக்கக்கூடும். நான் உடன்பட மாட்டேன். பறிமுதல் ஆணை என்பது இருட்டில் செய்யும் காரியம். யார் படித்தார், எந்த வரியைக் குற்றம் என்றார், மொழிபெயர்த்தவர் யார் என்பதெல்லாம் கோப்புக்குள் கிடக்கும். சபையில் கேட்டபின் அது வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. பாடல்களைப் பறித்த அரசாங்கமே அந்தப் பாடல்களுக்காக நடந்த வாதத்தைத் தன் அச்சகத்தில் அச்சிட்டுப் பாதுகாக்க வேண்டியதாயிற்று. இருபத்தோரு ஆண்டுகளில் காலம் முழுவதுமாகத் திரும்பியது. 1949இல் சென்னை அரசு பாரதி நூல்களின் உரிமையைத் தானே பெற்றது. 1955இல் அவை மக்கள் உடைமையாயின.

நம் கையில் முழு ஆட்சி வந்த பிறகு கேள்வி தேவையில்லாமல் போய்விடவில்லை. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் வீட்டுத் தொழிலிலும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். சட்டமன்றத்தைக் கலந்துகொள்ளாமலே நடைமுறைக்கு வந்த கொள்கை அது. ஜூலை மாத இறுதியில் அதைக் கைவிடக் கோரும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது இரு பக்கமும் 138. பேரவைத் தலைவர் சிவசண்முகம் பிள்ளையின் வாக்கால் தீர்மானம் தோற்றது. ஆனால் திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர் குழுவின் ஆய்வுக்கு விட வேண்டும் என்ற அடுத்த தீர்மானம் 139க்கு 137 என்று வென்றது. மறு ஆண்டு காமராசர் முதல்வரானதும் திட்டமே போயிற்று.

இந்தக் கதை எட்டயபுரத்துக்கு வந்து சேர்வதைப் பாருங்கள். பிள்ளைகளை அரை நாள் பள்ளியிலிருந்து அனுப்பிவிடுவதா என்று சபையில் கேட்டார்கள். மூன்றாண்டு கழித்து, முழு நாளும் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்குச் சோறு போடும் மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் பாரதி பிறந்த இந்த ஊரில் தொடங்கி வைத்தார். பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அதற்குத் தோள் கொடுத்தார். மழை பொய்த்தால் அடுப்பு அணையும் கரிசல் காட்டில் அந்தச் சோறு என்னவாக இருந்தது என்பதை இவ்வட்டாரத்து முதியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஜமீன் ஒழிப்பும் இதே வழியில் வந்ததுதான். 1937இல் அமைந்த காங்கிரஸ் அரசில் பிரகாசம் தலைமையிலான குழு ஜமீன் குடிகளின் நிலையை விசாரித்து அறிக்கை தந்தது. சட்டமானது 1948இல்.

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். ஒரு சட்டமன்ற உறுப்பினர் கேட்ட கேள்வி அனுமதிக்கப்பட்டால் என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. எல்.ஏ.க்யூ. என்று அலுவலகங்களில் சொல்வார்கள். அந்த எழுத்துகளைத் தாங்கிய கடிதம் தலைமைச் செயலகத்திலிருந்து துறைத் தலைமைக்கும், அங்கிருந்து ஆட்சியருக்கும், வட்டாட்சியருக்கும், கடைசியில் கிராம நிர்வாக அலுவலருக்கும் இறங்கி வரும். மாதக் கணக்கில் அசையாத கோப்பு அன்று அசையும். எட்டயபுரம் வட்டத்தில் ஒரு கண்மாயின் மடை எப்போது பழுது பார்க்கப்பட்டது என்று கோட்டையில் ஒருவர் கேட்டால், இங்கே ஒருவர் நேரில் போய் மடையைப் பார்த்தாக வேண்டும். கேள்வியின் முதல் பயன் இதுதான், பதில் வருவதற்கு முன்பே கிடைத்துவிடும் பயன்.

ஆனால் கேள்வியைக் கூர்மையாகக் கேட்க வேண்டும். விடைத்தாளில் அரசுக்கு என்று சில சொற்கள் பழகிப் போயிருக்கின்றன. ‘ஆவன செய்யப்படும்’, ‘பரிசீலனையில் உள்ளது’, ‘நிதிநிலைக்கேற்ப’, முதல் பிரிவுக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் இரண்டாவதற்கு ‘எழவில்லை’. கரிசல் விவசாயிகளுக்குப் பயிர்க் காப்பீட்டுத் தொகை வழங்கப்படுமா என்று கேட்டால், வழங்கப்படும் என்ற பதில் வரும். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. எட்டயபுரம் வட்டத்தில் உளுந்துக்கும் பாசிக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை எந்தெந்தக் கிராமங்களில், எந்தத் தேதிகளில் நடந்தது, ஒவ்வொன்றிலும் கண்ட மகசூல் எவ்வளவு, அதை வைத்து இழப்பு எத்தனை விழுக்காடு என்று கணித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு எண்களால்தான் பதில் சொல்ல முடியும். பரிசோதனை நடக்கவே இல்லை என்றால் அதுவும் தெரிந்துவிடும். இப்படிக் கேட்க வேண்டுமானால் உறுப்பினர் அடங்கல் பார்க்கத் தெரிந்தவராக, அல்லது தெரிந்தவரிடம் உட்கார்ந்து பேசியவராக இருக்க வேண்டும்.

கேள்வி நேரம் நாளுக்கு ஒரு மணி. உறுப்பினர்கள் 234 பேர். அந்த அரிய நிமிடங்களில் தலைவர்களுக்குப் புகழ்மாலை சூட்டிவிட்டுக் கேள்விக்கு வருவது எல்லாக் கட்சிகளிலும் ஊறிவிட்ட வழக்கம். அது தொகுதி மக்களுக்குச் செய்யும் அநியாயம் என்பதை மனம் நொந்துதான் சொல்கிறேன். 2022 ஜனவரி முதல் கேள்வி நேரம் நேரலையாக வருகிறது. இனி யார் கேட்டார், யார் சும்மா இருந்தார் என்று கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் பெண்ணும் பார்க்க முடியும். இது நல்ல காரியம். அமைச்சர் சபையில் கொடுத்த வாக்கைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருப்பதையும் மக்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய இரட்டை ஆட்சியின் நிழலும் இன்னும் நீங்கவில்லை. பயிர்க் காப்பீடு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் திட்டம். தீப்பெட்டிக்கு 2017இல் கையால் செய்தால் 5 விழுக்காடு, எந்திரத்தில் செய்தால் 18 விழுக்காடு என்று வரி போட்டதும், 2020 ஏப்ரலில் இரண்டையும் 12 ஆக்கியதும் ஜி.எஸ்.டி. மன்றத்தின் முடிவு. மாநிலத்தின் கையில் இல்லை என்று சொல்லித் தப்பலாம். ஆனால் அந்த மன்றத்தில் மாநிலத்தின் அமைச்சரும் உட்கார்ந்திருக்கிறார். அங்கே நீங்கள் என்ன பேசினீர்கள் என்று அவரைக் கேட்கலாமே. 1928இல் சத்தியமூர்த்தி ரங்கூன் ஆணைக்குச் சென்னையில் கணக்குக் கேட்டார் என்பதை மறக்க வேண்டாம்.

கேட்க ஆளே இல்லாமல் போவது இன்னும் கொடுமை. எட்டயபுரம் பேரூராட்சியிலேயே அதைக் கண்டோம். 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து ஆண்டுக்கு மேல் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் அதிகாரியிடம் மனுதான் கொடுக்க முடிந்தது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் இதே நிலை. 38 உறுப்பினர்களோடு 2013இல் அமைந்த வட மாகாண சபை 2018 அக்டோபரில் காலாவதியானது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கடந்தன. மாகாணம் ஆளுநர் கையில். பள்ளி, மருத்துவமனை, சாலை என்று பகிர்ந்து தந்த அதிகாரம் ஏட்டில் இருக்கிறது, அதைப் பற்றிக் கேட்கும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. 1999இல் தனக்கென நாடாளுமன்றம் பெற்ற ஸ்காட்லாந்திலோ வியாழக்கிழமை நண்பகலில் முதலமைச்சர் எழுந்து நின்று நேருக்கு நேர் பதில் சொல்கிறார். அதிகாரப் பகிர்வு உண்மையா என்பதை எப்படிச் சோதிப்பது என்று கேட்டால், அங்கே கேள்வி நேரம் நடக்கிறதா என்று பாருங்கள் என்பேன்.

கரிசல் மண் கேட்கத் தெரிந்தவர்களை அனுப்பிய மண். கோவில்பட்டித் தொகுதி சோ. அழகர்சாமியை 1967, 1971, 1977, 1980, 1989 என ஐந்து முறை தேர்ந்தெடுத்தது. அவரும், அவருக்கு முன்னும் பின்னும் கோவில்பட்டி, விளாத்திகுளம் தொகுதிகளிலிருந்து சென்றவர்களும் கேட்ட கேள்விகள், பெற்ற பதில்கள், கிடைத்த வாக்குறுதிகள் எல்லாம் பேரவை நடவடிக்கைத் தொகுதிகளில் கிடக்கின்றன. இவ்வட்டாரக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்று ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 1921இலிருந்து இன்றுவரை கரிசல் பூமியைப் பற்றிச் சபையில் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்குக் கிடைத்த பதில்களையும் திரட்டி ஒரே நூலாக்குங்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எத்தனை ஆண்டாகச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பது அதில் தெரியும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர் கையில் அந்த நூலின் ஒரு படியைக் கொடுங்கள்.