கேரளக் கல்லூரிக் கூடைப்பந்தும் தொழில்முறை லீக்குகளும்

கேரளக் கல்லூரிகளில் கூடைப்பந்து ஆடிப் பெயர் எடுத்தவர்களில் பலரை அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் அரசு அலுவலகம். தெற்கு ரயில்வே, கேரள மாநில மின்வாரியம், கேரளக் காவல்துறை போன்றவை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கொடுத்துத் தங்கள் அணிக்கு ஆட வைக்கின்றன. மாதச் சம்பளம், பதவி உயர்வு, பயிற்சி முகாமுக்குச் சிறப்பு விடுப்பு எல்லாம் அந்த வேலையோடு வரும். விளையாட்டையே பிழைப்பாகக் கொள்ளும் லீக் வாழ்க்கையைத் தொட்டுப் பார்த்தவர்கள் சிலரே. அவர்களிலும் முன்னால் நிற்பவர்கள் பெண்கள்.

மாநிலத்தின் தென்கோடியில், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களில், கல்லூரியில் சேரும்போதே பாதை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அங்குள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை திருவனந்தபுரத்தில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தால், தேர்வாகும் பட்சத்தில், கேரளப் பல்கலைக்கழகத்துக்கு ஆடலாம். எல்லையான களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ சேர்ந்தால் திருநெல்வேலியின் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். ஒரே தெருக்காரர்கள் இருவர் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியில் எதிரெதிர் அணியில் நிற்க இது போதும். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் கவனிப்பதும் இத்தகைய போட்டிகளைத்தான். ஆனாலும் கேரளப் பெண்கள் கூடைப்பந்தின் முக்கியமான கல்லூரியைப் பார்க்க இன்னும் வடக்கே, சங்ஙனாசேரிக்குப் போக வேண்டும்.

அங்குள்ள அசம்ப்ஷன் கல்லூரியில் படித்தவர் கீது அன்னா ஜோஸ். 1985இல் பிறந்த கோட்டயம் மாவட்டத்துக்காரர். உயரம் 6 அடி 2 அங்குலம். கல்லூரிக்குப் பிறகு சென்னையில் தெற்கு ரயில்வேயில் சேர்ந்து, இந்திய அணியின் தலைவராகவும் இருந்தார். 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் புறநகரான ரிங்வுட்டின் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். ஆஸ்திரேலியக் கிளப் ஒன்றுக்கு ஆடிய முதல் இந்திய வீராங்கனை அவரே. அந்த அணி ஆடிய பிக் வி, விக்டோரியா மாநில அளவிலான லீக். தேசிய மகளிர் லீக்குக்குக் கீழ்ப்பட்டது, முழுத் தொழில்முறை என்று சொல்ல முடியாதது. இங்கே பத்திரிகைகள் அதைப் பெரிய லீக் போல எழுதின. ஆனால் அவர் அங்கே ஆடிய ஆட்டம் சிறியதல்ல.

2011இல் அவர் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. தேர்வுகளுக்குப் போனார். சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் ஆகிய மூன்று அணிகள் அவரைச் சோதித்துப் பார்த்தன. ஒப்பந்தம் எதுவும் அமையவில்லை. ஏன் என்பதை உயரக் கணக்கே ஓரளவு சொல்லிவிடும். இந்தியாவில் அவர் சென்டர். கூடைக்கு அருகில் முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேல் வரும் பந்தை வாங்கித் திரும்பினால் தடுக்க ஆள் இருக்காது. அப்போது சிகாகோவின் சென்டர் 6 அடி 6 அங்குல சில்வியா ஃபவுல்ஸ். லாஸ் ஏஞ்சலஸில் 6 அடி 4 அங்குல கேண்டஸ் பார்க்கர் பந்தைத் தட்டிக்கொண்டு மைதானம் முழுக்க ஓடுவார். கீதுவின் உயரத்துக்கு அங்கே வெளியிலிருந்து எறியவும் வேகமாகக் காவல் காக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இடங்களோ மிகக் குறைவு: அன்று 12 அணிகள், அணிக்கு 11 பேர். 2014இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

வயநாட்டைச் சேர்ந்த பி.எஸ். ஜீனா மின்வாரிய வீராங்கனை. 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில், எளிதில் சாயாத ரயில்வேயைக் கேரளப் பெண்கள் வென்றபோது அணியின் தூண் அவர். அதே ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கினார். பிறகு அவரும் ரிங்வுட்டுக்கே போனார்.

கேரளத்தில் கல்லூரி ஆட்டம் அரசு வேலைக்கு வழி என்றால், அமெரிக்காவில் கல்லூரிதான் லீக்கின் வாசல். கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளியினரான சிம் புல்லர் நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவம் ஆடிவிட்டு, 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணிக்காகக் களம் இறங்கினார். என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர். மூன்று ஆட்டங்களோடு அது முடிந்தது. பின்னர் தைவானில் ஆடினார். அதே ஆண்டு டல்லாஸ் மாவெரிக்ஸ் 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்த சத்னாம் சிங் கல்லூரிக்கே போகாதவர். என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டமும் ஆடாமல், கடைசியில் தொழில்முறை மல்யுத்தத்துக்கு மாறினார்.

இந்தியாவில் லீக் பேச்சு பழையது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2010இல் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸுடன் 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. எதிர்பார்த்த லீக் வரவே இல்லை. கூட்டமைப்பின் அங்கீகாரம் பெறாத யு.பி.ஏ. லீக் 2015 முதல் 2017 வரை நடந்து நின்றுபோனது. அதில் சென்னை ஸ்லாம் இருந்தது, கேரளத்துக்கு அணி இல்லை. 2022-23இல் கூட்டமைப்பே ஐ.என்.பி.எல். லீக்கைத் தொடங்கியபோது ஆறு அணிகளில் ஒன்றாகக் கொச்சி டைகர்ஸும் ஒன்றாகச் சென்னை ஹீட்டும் இடம்பெற்றன. முதல் கோப்பை சென்னைக்கு. யு.பி.ஏ., ஐ.என்.பி.எல். இரண்டின் ஐவர் ஆட்டமும் ஆண்களுக்கானது. சங்ஙனாசேரியிலிருந்து வந்தவருக்கும் வயநாட்டிலிருந்து வந்தவருக்கும் அதில் இடமில்லை. மின்வாரியத்திலும் ரயில்வேயிலும் பெண்கள் அணிகள் வழக்கம்போல் நடக்கின்றன.