படத்தருகே பாட்டு: ஜப்பானிய ஆர்வலர்கள் வளர்த்த ஒரு கலை

ஒரு படத்தின் ஓரத்தில் சில வரிக் கவிதையை எழுதி இரண்டையும் ஒன்றாகக் காட்டும் வழக்கம், புகைப்படக் கருவி ஜப்பானுக்கு வந்திறங்கிய 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்னரே அந்நாட்டில் வேர்பிடித்திருந்தது. இவ்வழக்கத்தின் வரலாறு பெரும்பாலும் பாஷோ, பூசோன் முதலிய பெருங்கவிஞர்களின் வரிசையாகவே எழுதப்பட்டு வருகிறது. ஆயினும் அதை ஆதரித்தவர்களும் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றித் தந்தவர்களும் கவிதையைப் பிழைப்பாகக் கொள்ளாத வணிகர்கள், கீழ்நிலைச் சாமுராய்கள், விடுதிக்காரர்கள், பிற்காலத்தில் இல்லத்தரசிகள், அலுவலக ஊழியர்கள் ஆகியோரே. இவர்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி நினைவில் வைக்கத் தகுந்ததன்று என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. இருப்பினும் எழுதுபவருக்கு நிகரான இடத்தையும், சில காலங்களில் அவருக்கும் மேலான இடத்தையும், படித்துத் தேர்ந்தெடுப்பவருக்கு அளித்த காரணத்தால்தான் இம்மரபு ஆர்வலர்களின் கையில் இத்தனை காலம் நிலைத்தது.

படிப்பவருக்குக் கிடைத்த இந்த மதிப்பு 'ஹைக்காய்' என்னும் தொடர்கவிதையிலிருந்து பிறந்தது. பலர் கூடியமர்ந்து, ஒருவர் 5-7-5 என்ற அசைக்கணக்கில் ஓர் அடிக்கூட்டத்தைச் சொல்ல, அடுத்தவர் 7-7 என்ற கணக்கில் அதைத் தொடர, மூன்றாமவர் மீண்டும் 5-7-5 என எடுத்துச் செல்லும் இக்கூட்டுக் கவிதையில், முன்னவர் சொன்னதை நுணுகிக் கேட்காதவரால் ஓரடிகூட நகர முடியாது. முன்னவர் சொன்னதையே திரும்பச் சொன்னால் அது பிழை. அதற்குத் தொடர்பே இல்லாத ஒன்றைச் சொன்னாலும் பிழை. ஒட்டாமலும் விலகாமலும் நிற்க வேண்டும் என்ற இவ்விதியே பின்னர் படத்துக்கும் பாட்டுக்கும் இடையிலான உறவையும் ஆண்டது. 'ஹைக்கூ' என்று இன்று உலகறிந்த தனிக்கவிதை இத்தொடரின் முதல் அடிக்கூட்டம் பிரிந்து வந்து தனித்து நின்றதே ஆகும்.

'ஹைகா' எனப்படும் ஹைக்காய் ஓவியத்தின் முன்னோடியாகக் கருதப்படும் நோனோகுச்சி ரியூஹோ (1595–1669) கியோத்தோ நகரில் பொம்மை வணிகம் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். சில தூரிகை இழுப்புகளில் முடிந்துவிடும் எளிய ஓவியமும் அதனருகே அதே கையால் எழுதிய கவிதையும் கொண்ட இவ்வகை, மெருகேறிய அரண்மனை ஓவியத்தோடு போட்டியிட வந்ததன்று. கவிதைக் கூட்டத்தின் நட்புச் சூழலில் கைமாறுவதற்கென்றே பிறந்தது. பாஷோவே (1644–1694) தம் மாணவர் மோரிகாவா கியோரிக்குவிடம் ஓவியம் பயின்றவர். ஹிக்கோனே நாட்டுச் சாமுராயான கியோரிக்கு 1693இல் ஊர் திரும்பியபோது பாஷோ எழுதிய விடைகொடுப்புரையில், ஓவியத்தில் அவர் தமக்கு ஆசான் என்றும் கவிதையில் தம் மாணவர் என்றும் குறிப்பிட்டார். இப்படி இருவரும் மாறி மாறி ஆசானாகவும் மாணவராகவும் இருந்த உறவு அக்காலக் கவிதை வட்டங்களின் இயல்பை நன்றாகவே காட்டுகிறது. அடுத்த நூற்றாண்டில் ஓவியத்தையே தொழிலாகக் கொண்ட யோசா பூசோன் (1716–1784) ஹைகாவை அதன் உச்சத்துக்குக் கொண்டு சென்றார். பாஷோவின் பயண நூலை முழுமையாகப் படியெடுத்து, இடையிடையே ஓவியம் தீட்டி அவர் உருவாக்கிய சுருள்கள் ஒரு கலைஞர் இன்னொருவரின் படைப்பை எவ்வளவு ஆழ்ந்து படிக்கலாம் என்பதற்குச் சான்றாக நிற்கின்றன.

இதே காலத்தில் நகரங்களில் வேறொரு காட்சி நடந்துகொண்டிருந்தது. 'தென்ஜா', அதாவது மதிப்பெண் இடுபவர், என்ற ஒரு தொழில்வகையினர் ஆர்வலர்கள் எழுதியனுப்பிய அடிகளைக் கட்டணம் பெற்றுப் படித்து, மதிப்பெண் இட்டுத் திருப்பித் தந்தனர். நாளடைவில் இதில் பரிசுப் பொருள்களும் சூதாட்ட மனப்பான்மையும் புகுந்தன. பாஷோ இவ்வகையினரை மதிக்கவில்லை. ஆனால் பாராட்டு ஒரு சேவையாக விலைக்கு வந்ததைக் கண்டு முகம் சுளிப்பது பிற்காலத்தாருக்கு எளிது. எழுத்தறிந்த நகரத்தார் ஆயிரக்கணக்கில் எழுதத் தொடங்கிவிட்ட ஒரு சமூகத்தில் அத்தனையையும் படிக்க யாரேனும் ஒருவர் வேண்டியிருந்தது. முன்னே ஓர் ஈரடியைக் கொடுத்து அதற்கு ஏற்ற அடிக்கூட்டத்தை எழுதச் சொல்லும் 'மாயேகுசுக்கே' என்ற போட்டி எடோவில் (இன்றைய டோக்கியோ) பெரும் மோகமாகப் பரவியது. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் தமிழ் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் சுவை உடனே விளங்கும். இப்போட்டிகளுக்கு 1757இல் தேர்வாளராக அமர்ந்த கராய் சென்ரியூ (1718–1790) தேர்ந்தெடுத்த அடிகள் 1765 முதல் நூலாக வெளிவந்தன. அந்நகைச்சுவைக் கவிதை வகைக்கு இன்றும் வழங்கும் பெயர் 'சென்ரியூ' என்பதே. எழுதிய எண்ணற்றோரின் பெயர்கள் மறைந்துபோக, எழுதியவரின் பெயரால் அன்றித் தேர்ந்தெடுத்தவரின் பெயராலேயே ஒரு கவிதை வகை அறியப்படுவது இலக்கிய உலகில் அரிது.

படமும் பாட்டும் மிக அழகாகச் சேர்ந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், 'கியோக்கா' எனப்படும் 31 அசைக் கேலிக்கவிதை வட்டங்களில்தான். இவ்வட்டத்தார் ஒவ்வொருவரும் வேடிக்கையான புனைபெயர் ஒன்றைச் சூடிக்கொண்டனர். விடுதிக்காரர் குடும்பத்தில் பிறந்த இஷிகாவா மசாமோச்சி, விடுதியில் சோறு பரிமாறும் பெண்ணைக் குறிக்கும் பெயரைத் தமக்கு வைத்துக்கொண்டார். அவர் தொகுத்து, உத்தமாரோ ஓவியம் வரைந்து, த்சுதாயா ஜூசாபுரோ என்ற பதிப்பாளர் 1788இல் வெளியிட்ட பூச்சிகள் பற்றிய நூல் இக்கூட்டு முயற்சியின் சிறந்த சான்று. 15 வண்ண ஓவியங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு உயிரினங்கள், அவற்றுக்கு 30 கவிஞர்கள் எழுதிய 30 கவிதைகள் என்பது அதன் அமைப்பு. ஓர் ஓவியத்தில் தாமரை இலையும் அதன்மேல் ஒரு தவளையும், அருகே ஒரு பொன்வண்டும் இருக்கின்றன. இலை நரம்பும் தவளையின் ஈரத்தோலும் இயற்கை விஞ்ஞானியின் கண்ணோடு தீட்டப்பட்டுள்ளன. கவிதைகளோ தவளையின் உடலமைப்பைப் பற்றியோ குளத்தைப் பற்றியோ விவரிக்க முனையவில்லை. அந்நூலில் உள்ள கவிதைகள் யாவும் அந்தந்த உயிரினத்தைச் சாக்காக வைத்துக் காதலைப் பாடுபவை. ஓவியன் தோட்டத்தைக் காட்ட, கவிஞன் காதலியின் வாசலில் நிற்க, இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள தொலைவைக் கடப்பது வாசகரின் வேலையாகிவிடுகிறது.

இவ்வட்டங்களே 'சுரிமோனோ' என்ற அச்சு வகையையும் வளர்த்தன. புத்தாண்டு முதலிய நாள்களில் உறுப்பினர்கள் தம் கவிதைகளை ஓர் ஓவியத்தோடு சேர்த்து அச்சிட்டுத் தமக்குள் பரிமாறிக்கொள்வதற்காகத் தம் சொந்தச் செலவில் செய்வித்த மரக்கட்டை அச்சுகள் இவை. ஹொக்குசாய் போன்ற முன்னணி ஓவியர்களும் இவற்றுக்கு வரைந்தனர். விற்பனைக்கு அல்ல என்பதால் செலவைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. தடித்த நல்ல தாளில், உலோகப் பொடி தூவியும், மையின்றி அழுத்திப் புடைப்பு எழுப்பியும் செய்யப்பட்ட இவை அக்காலக் கடைகளில் விற்ற அச்சுகளைவிடப் பெரும்பாலும் நேர்த்தியானவை. இன்று அருங்காட்சியகங்களில் ஓவியரின் பெயரால் அறியப்படும் இத்தாள்கள், அவற்றைச் செய்வித்தவர்களுக்கு முதன்மையாகக் கவிதைகளே என்பதும், ஓவியர் அழைக்கப்பட்ட விருந்தாளி என்பதும் பலருக்கு வியப்பளிக்கலாம்.

மெய்ஜி காலத்தில் இம்மரபு ஒரு பெரிய திருப்பத்தைச் சந்தித்தது. மத்சுயாமா நகரில் பிறந்த மசாஓக்கா ஷிக்கி (1867–1902), மேலைநாட்டு ஓவியமுறை பயின்ற நக்காமுரா ஃபுசெத்சு என்ற ஓவியரின் நட்பினால், கண்முன் உள்ளதைக் கண்டபடி வரையும் 'ஷாசெய்' என்ற கொள்கையைக் கவிதைக்குக் கொண்டுவந்தார். அதற்கு நிகரான முக்கியத்துவம் உடையது, கட்டண மதிப்பெண் முறையைப் புறக்கணித்து அவருடைய வட்டம் பரவலாக்கிய 'குகாய்' என்னும் கவிதைக் கூட்டத்தின் நடைமுறை. பங்கேற்பவர் ஒவ்வொருவரும் தாள்சீட்டு ஒன்றுக்கு ஒரு கவிதையாகப் பெயரின்றி எழுதிக் கொடுப்பர். சீட்டுகள் கலக்கப்பட்டுப் பங்கிடப்படும். கையெழுத்தைக் கொண்டு யாரென்று கண்டுபிடித்துவிடாதபடி தமக்கு வந்த கவிதைகளை ஒவ்வொருவரும் வேறு தாளில் படியெடுப்பர். அத்தாள்கள் வரிசையாகச் சுற்றி வர, தமக்குப் பிடித்தவற்றைக் குறித்துக்கொண்டு, முன்பே விதித்த எண்ணிக்கையில் தேர்ந்தெடுப்பர். தேர்வுகள் உரக்க வாசிக்கப்படும்போதுதான், தம் கவிதை ஒலித்தவுடன், எழுதியவர் தம் பெயரைச் சொல்வார். தம் கவிதையைத் தாமே தேர்ந்தெடுக்கலாகாது. பல ஆண்டு பயின்ற ஆசானின் கவிதை ஒருவராலும் தேர்ந்தெடுக்கப்படாமல், நேற்று வந்தவரின் கவிதை எல்லோராலும் தேர்ந்தெடுக்கப்படுவது இம்முறையில் முற்றிலும் நிகழக்கூடியது; முகத்துக்காகப் பாராட்டுவதைத் தடுக்க இதைவிடக் கூர்மையான ஏற்பாடு கிடைப்பது கடினம். ஷிக்கியின் மாணவரான தக்காஹாமா கியோஷி (1874–1959), 1897இல் தொடங்கப்பட்ட 'ஹோத்தோத்தொகீசு' இதழின் வழியாக நாடெங்கும் உள்ள ஆர்வலர்களின் கவிதைகளைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டார். சமையலறையைப் பொருளாகக் கொண்டு பெண்கள் எழுதுவதற்கென 1916இல் ஒரு தனிப் பகுதியையும் திறந்தார். அதே 1916இல்தான் ஜப்பானியக் கவிஞர் நோகுச்சியின் கட்டுரையொன்றை முன்வைத்துப் பாரதியார் 'சுதேசமித்திரன்' இதழில் ஜப்பானியக் கவிதையைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தினார். பிற்காலத்தில் தமிழில் மூன்று வரிக் கவிதை நன்றாகவே வேரூன்றியது. பெயர் மறைத்துப் படிக்கும் அக்கூட்டம் அந்த அளவுக்கு உடன் வரவில்லை.

புகைப்படம் இம்மரபுக்குள் நுழைந்தபோது அதற்கென ஓர் இருக்கை ஏற்கெனவே காத்திருந்தது என்றே சொல்லலாம். நியூயார்க்கில் மருந்தியல் பயின்று, ஷிசெய்தோ ஒப்பனைப்பொருள் நிறுவனத்தின் தலைவரான ஃபுக்குஹாரா ஷின்சோ (1883–1948), படமெடுப்பதைப் பிழைப்பாக்கிக்கொள்ளாத ஆர்வலராகவே இருந்து 1921இல் புகைப்படக் கலைக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். ஒளியின் இசைவே புகைப்படத்தின் உயிர் என்று வாதிட்ட அவர், அக்கலைக்கு உறவான வடிவத்தை ஓவியத்தில் மட்டுமன்றி ஹைக்கூவிலும் கண்டார். போருக்குப் பின், 1950 முதல், தோமோன் கென் (1909–1990) 'கேமரா' என்ற இதழின் மாதாந்தரப் போட்டிக்கு நடுவராக இருந்து, வாசகர்கள் அனுப்பிய படங்களைக் கடுமையாகவும் விரிவாகவும் விமரிசித்தார். ஏற்பாடு செய்யாத, உள்ளதை உள்ளபடி பிடிக்கும் படத்தையே அவர் வலியுறுத்தினார். அப்போட்டிக்குப் படம் அனுப்பிய இளைஞர்களுள் பின்னாளில் பெரும் புகைப்படக் கலைஞரான தோமாத்சு ஷோமேயும் ஒருவர். கியோஷி கவிதையில் செய்ததையே தோமோன் படத்தில் செய்தார். இருவருடைய அதிகாரமும் அளவுக்கு மீறியது என்ற குறைகூறலும் இருவருக்கும் பொதுவாயிற்று.

இவ்விரு ஓடைகளையும் வெளிப்படையாக இணைத்தவர் இத்தாமி மிக்கிஹிக்கோ (1920–2019) என்ற ஹைக்கூ கவிஞர். தாமே எடுத்த படத்தோடு தாமே எழுதிய ஹைக்கூவை வைக்கும் வடிவத்துக்கு 'ஷாஹாய்' என்று பெயரிட்டு அதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். ஓவியத்தில் கவிஞர் வேண்டியதை விட்டுவிடலாம், வேண்டாததைத் தீட்டாமலிருக்கலாம். புகைப்படமோ சட்டத்துக்குள் விழுந்த எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ஆதலால் ஒட்டாமலும் விலகாமலும் நிற்க வேண்டும் என்ற பழைய விதி இங்கே முன்னைவிடக் கடுமையாகிறது. மழைக்குப் பின் வாசலில் கவிழ்த்து வைத்த காலணிகளின் படத்துக்குக் காலணி என்றோ மழை என்றோ எழுதினால் கவிதை வெறும் படவிளக்கமாகிவிடும். ஊருக்குப் போனவரின் கடிதத்தைப் பற்றி எழுதினால் படமும் கவிதையும் ஒன்றையொன்று திறக்கக்கூடும். செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி எழுதினால் பெரும்பாலும் இரண்டும் தனித்தனியே கிடக்கும். படம் பார்த்துக் கவிதை எழுதச் சொல்லும் தமிழ் வார இதழ்ப் போட்டிகளில் முதல் வகையே மிகுதியாக வருவதற்குக் காரணம் எழுதுபவரின் திறமைக்குறைவு மட்டுமன்று. படத்தில் உள்ளதைக் கவிதையில் கண்டால் மகிழும்படி தேர்வாளர்கள் வாசகரைப் பழக்கியதும் ஒரு காரணம்.

படிப்பவருக்குத் தரும் மதிப்பு இன்றைய ஜப்பானில் எங்கே பொறுப்பாகப் பேணப்படுகிறது என்று தேடினால் மீண்டும் ஷிக்கியின் ஊருக்கே செல்ல வேண்டும். வழிப்போக்கர் எவரும் கவிதை எழுதிப் போடுவதற்கான அஞ்சல் பெட்டிகள் மத்சுயாமாவில் 1960களிலிருந்து வைக்கப்பட்டு வருகின்றன. அவ்வப்போது அவை திறக்கப்பட்டு, கவிதைகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. 1998இல் அந்நகரில் தொடங்கிய உயர்நிலைப் பள்ளி மாணவருக்கான ஹைக்கூ போட்டியில் ஐவர் கொண்ட இரு அணிகள் எதிரெதிரே அமர்ந்து, ஒரு கவிதை வாசிக்கப்பட்டவுடன் அதன் சொல், காட்சி, பருவம் ஆகியவற்றைக் குறித்து எதிரணியினர் வினா எழுப்ப, எழுதிய அணியினர் விடை சொல்கின்றனர். நடுவர்கள் சிவப்பு, வெள்ளைக் கொடிகளை உயர்த்தி வெற்றியை அறிவிக்கும் அப்போட்டியில் கவிதைக்கு ஒரு மதிப்பெண்ணும், அடுத்தவர் கவிதையைப் படித்துப் பேசிய திறத்துக்குத் தனியாக இன்னொரு மதிப்பெண்ணும் இடப்படுகின்றன.