அடிபம்புக்கு எட்டாத தண்ணீர்

கொங்கு நாட்டில் மண்ணுக்குக் கீழே தண்ணீர் தங்க அதிக இடம் கிடையாது. மேலே சில அடி மண், அடுத்து உதிரும் பாறை, அதற்கும் கீழே வெடிப்புவிட்ட கருங்கல். அந்த வெடிப்புகளில் ஊறுவதைத்தான் தோட்டமும் குடித்தது, ஊரும் குடித்தது. அவிநாசிப் பக்கத்து ஊர்களில் அடிபம்பு மெக்கானிக்காக வேலை பார்த்தவன் நான். அந்தப் பம்புகள் வந்த கதையையும் போன கதையையும் யாராவது எழுதிவைக்க வேண்டும்.

என் அப்பா காலத்தில் தோட்டத்துக்குக் கவலை இறைப்பு, ஊருக்குச் சேந்துகிணறு. எருதுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுத்தால் சால் மேலே வரும். எருது களைத்தால் இறைப்பு நிற்கும். ராத்திரியில் கிணறு ஊறிக்கொள்ளும். கிணற்றுக்கு அந்த ஓய்வு கிடைத்ததால் கோடையிலும் ஊர்க் கிணற்றில் குடிக்கத் தண்ணீர் நின்றது. ஆனால் அந்தக் கிணற்றடியில் எல்லோருக்கும் இடமில்லை. காலனிப் பெண்கள் குடத்தோடு தள்ளி நின்று, யாராவது சேந்தி ஊற்றும்வரை காத்திருந்தார்கள். அதையும் சேர்த்துத்தான் பழைய காலத்தைச் சொல்ல வேண்டும்.

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. மெல்ல மெல்ல எருதின் இடத்தை மோட்டார் பிடித்தது. மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. கிணறுகள் ஆழமாயின, கிணற்றுக்குள்ளேயே பக்கவாட்டிலும் அடியிலும் துளை போட்டார்கள். விவசாயியின் உயிர் மின்சாரத்தில் தொங்கியது. 1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசாவைக் குறைக்கக் கேட்டுப் பெருமாநல்லூரில் திரண்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று பேர் செத்தார்கள். 1990-ல் எல்லா விவசாயப் பம்புசெட்டுக்கும் மின்சாரம் இலவசமானது. உயிரைக் கொடுத்துப் பெற்ற சலுகை அது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

குடிநீருக்கு வேறொரு வழி திறந்தது. 1967-ல் பீகார் வறட்சியின்போது, பாறையைக் காற்றழுத்தத்தால் துளைக்கும் ரிக்குகளை யுனிசெஃப் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது. ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், வேகமாகப் போட முடிந்தது. அதன்மேல் வைக்கத்தான் சரியான பம்பு இல்லை. ஒரு வீட்டுக்காகச் செய்த வார்ப்பிரும்புப் பம்பை ஊரே நாள் முழுக்க அடித்தால் தாங்குமா? 1970-களின் நடுவில் முக்கால்வாசிப் பம்புகள் பழுதாகிக் கிடந்தன. பிறகு சோலாப்பூரில் உருவான பம்பைத் திருத்தி இந்தியா மார்க் 2 வந்தது. சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் அதைச் செய்து கொடுத்தது. காலனிக்கும் தனிப் பம்பு வந்தது. யாரும் சேந்தி ஊற்றத் தேவையில்லாமல், தன் கையால் அடித்துத் தன் குடத்தை நிரப்பிய முதல் தலைமுறை அங்கே உருவானது. என் தொழிலில் நான் பெருமைப்படுவது இதற்காகத்தான்.

1980-களில் உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் பம்புகளைப் பரிசோதிக்கக் கோவை மாவட்டத்துக்கே வந்தன. தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் அந்தச் சோதனையில் தேறியது. வாஷர் மாற்ற முன்பெல்லாம் குழாய் மொத்தத்தையும் மேலே எடுக்க வேண்டும். பத்தடிக் குழாய் ஒவ்வொன்றாகக் கிளாம்பில் பிடித்து, மரை கழற்றி, அடுத்ததைத் தூக்க வேண்டும். உள்ளே ராடும் தண்ணீரும் சேர்ந்து கனக்கும். நாலு பேர் கை வேண்டும். மார்க் 3 வந்தபின் குழாயைத் தொடாமல் ராடோடு பிஸ்டனை மட்டும் உருவ முடிந்தது.

இந்தக் குழாய்க் கணக்கில்தான் நிலத்தடி நீர் போன கதை இருக்கிறது. ஆரம்பத்தில் எட்டுக் குழாய் இறக்கினால் போதும். அடுத்த வறட்சியில் பத்து, அப்புறம் பன்னிரண்டு. ஒவ்வொரு குழாய்க்கும் கைப்பிடி கனத்தது. கிழவிகளால் அடிக்க முடியவில்லை. மனிதக் கையின் வலுவுக்கு ஏறக்குறைய 150 அடிதான் எல்லை. பக்கத்துத் தோட்டத்தில் திருச்செங்கோட்டு ரிக் லாரி 800, 1000 அடிக்குப் போர் போட்டு மோட்டார் இறக்கியதும், பம்பில் வெறும் காற்று வந்தது. பழுது பம்பில் இல்லை என்று நான் சொன்னால் ஊரில் நம்ப மறுத்தார்கள்.

2003-ல் தமிழ்நாட்டில் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் வந்தது. நடைமுறைக்கே வராமல் 2013-ல் ரத்தானது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. காசுள்ளவர் இன்னும் ஆழமாகப் போர் போட்டார். இல்லாதவர் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்தார்.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கியது. பவானியின் உபரி நீர், ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி., 1045 குளம் குட்டைகளுக்கு வருகிறது. தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பெற்ற நீர் இது. இதையும் உறிஞ்சித் தீர்த்துவிட்டால் அடுத்து எங்கே போவது?

தோட்டத்துக்கும் ஊருக்கும் ஒரே பாறைதான். ஆகவே குடிநீர்ப் போருக்குப் பக்கத்தில் ஆழப் போர் போட ஊர் அனுமதிக்கக் கூடாது. மார்ச் 22-ல் தண்ணீர் தின கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து, நம் குடிநீர்ப் போரில் போன வருஷம் எத்தனை அடியில் தண்ணீர் நின்றது, இந்த வருஷம் எத்தனை அடி என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.