அன்னமும் கேசரும்

பைகால் ஏரியைச் சுற்றி வாழும் புரியாத்துகள் மங்கோலிய இனக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ரஷ்யாவில் அவர்கள் தொகை சுமார் 4.6 லட்சம். பழங்கதைகளில் உறங்கிக்கிடந்த இன உணர்வை அவர்களுடைய நவீன எழுத்தாளர்கள் தட்டி எழுப்பினார்கள் என்று சொல்வது வழக்கம். நடந்தது வேறு என்றே நினைக்கிறேன். அந்தக் கதைகள் இனத்துக்கு உரியவையாக இருக்கவில்லை, குலங்களுக்கே உரியவை. கோரிதோய் என்ற வேடன், ஏரியில் குளிக்க இறங்கிய அன்னப் பெண்ணின் இறகாடையை ஒளித்துவைத்து அவளை மணக்கிறான். பிள்ளைகள் பிறந்து வளர்ந்தபின், ஒருமுறை உடுத்திப் பார்க்கிறேன் என்று அவள் ஆடையைக் கேட்டு வாங்குகிறாள். கூடாரத்தின் புகைத்துளை வழியே பறந்துவிடுகிறாள். அவள் பெற்ற பதினொரு மகன்களின் வழி வந்தவர்கள்தாம் பதினொரு கோரிக் குலத்தார். மேற்கே வாழும் எகிரித், புலகாத் மக்களுக்கோ மூதாதை புகா நோயோன் என்னும் தெய்வக் காளை. கிழக்கில் பௌத்தம் வேரூன்றியது, மேற்கில் ஷாமன் வழிபாடு நிலைத்தது. இவர்களையெல்லாம் ஒரே மக்களாக்கும் கதை ஒன்று ஆயத்தமாக இருக்கவில்லை. எழுத்துதான் அதை உருவாக்கியது.

கேசர் என்னும் வீரனைப் பாடும் காவியம் இதற்கு நல்ல சான்று. 1906இல் புரியாத் அறிஞர் சிபென் ஜம்சரானோ, மான்ஷுத் எமெகெயெவ் என்ற பாடகர் பாடப் பாட, இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளைப் பதிவு செய்தார். அது எகிரித்-புலகாத் வழக்கு. மற்ற ஊர்ப் பாடகர்களின் கேசர் வேறு மாதிரி. 1940களில் எழுத்தாளர் நம்ஜில் பால்தானோ பல வடிவங்களை இணைத்து ஒரே பனுவலாக அமைத்தார். அது 1959இல் நூலாயிற்று. பொதுவாசகர் அறிந்த 'புரியாத் கேசர்' பெரும்பாலும் இதுதான்.

அப்படியானால் இது சோவியத் அரசு தைத்துக் கொடுத்த சட்டைதானே என்று கேட்கலாம். ஒவ்வொரு குடியரசுக்கும் ஒரு காவியம் வேண்டும் என்ற ஆசை மாஸ்கோவுக்கு இருந்தது உண்மை. ஆனால் அதே ஆட்சி 1937இல் புரியாத் நிலத்தை மூன்றாக வெட்டியது. 1948இல் கேசரை நிலப்பிரபுத்துவக் காவியம் என்று பழித்து ஒதுக்கியது. 1958இல் குடியரசின் பெயரிலிருந்து 'மங்கோல்' என்பதை நீக்கியது. ஜம்சரானோ 1942இல் சிறையில் இறந்தார். கேசர் வெறும் அரசு அலங்காரமாக இருந்திருந்தால் அதைக் கண்டு அரசே ஏன் அஞ்ச வேண்டும்? 1953க்குப் பிறகே காவியம் பழியிலிருந்து மீண்டது.

இதைவிட வலுவான மறுப்பு மொழியைப் பற்றியது: அந்த எழுத்தில் ஒரு பகுதி புரியாத்திலேயே இல்லையே? கவிஞர் தோந்தோக் உல்சிதுயெவ் புரியாத்தில் எழுதினார். 23 வயதில் 1971இல் மறைந்த நம்ஜில் நிம்புயெவும், கேசரைப் பற்றி ஆராய்ச்சியும் செய்த பாயிர் துகாரோவும் எழுதியது ருஷ்யத்தில். கதைப்பொருள் மொழி மாறினாலும் பிழைத்துக்கொள்ளும். பாட்டு பிழைக்காது: புரியாத் காவியம் நம் அடிமோனையைப் போல அடிதோறும் தொடக்க ஒலி ஒன்றி வர நடப்பது, ருஷ்யத்தில் அந்தக் கட்டு பெரும்பாலும் தளர்ந்துவிடுகிறது. இந்த இழப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் ருஷ்யத்தில் படித்து வளர்ந்த மேற்குப் புரியாத்துக்கும் கிழக்குக் கோரியாருக்கும் அன்னத்தின் கதையைப் பொதுவாக்கியதில் இந்த ருஷ்யக் கவிதைகளுக்கும் பங்குண்டு. 1990களின் முதற்பாதியில் கேசர் விழாக்கள், 1937இல் பிரிக்கப்பட்ட மூன்று பகுதிகளிலும் நடந்தன. அந்த மூன்றில் உஸ்த் ஓர்தாவும் ஆகாவும் 2008இல் தனி வட்டாரங்கள் என்ற நிலையையும் இழந்து பெரிய ருஷ்ய மாநிலங்களோடு இணைக்கப்பட்டன.